பார்த்துவிட்டால் நின்றுவிடுமா?



உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இருக்கிறதா? இருந்தால் அறிவியல் புத்தகத்தை ஒரு நிமிடம் வாங்கிப் புரட்டுங்கள். முதல் பாடமே 'இயக்க விதிகள்'தான். நிலைமம், உந்தம், விசை, நியூட்டன் சொன்ன மூன்று விதிகள். பிள்ளைகள் உருப்போட்டு ஒப்பிக்கிறார்கள். 'நிலைமம் என்றால் என்ன?' என்று தேர்வில் கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் எழுதிவிடுவார்கள்.

அதே பிள்ளை மாலையில் டியூஷன் முடிந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு நம் வடசென்னையின் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டைக் கடக்கிறது. ஒரு பக்கம் கடல். ரோடு முழுக்கத் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள். 'லாரி வருதே, கொஞ்சம் நின்னு வரக்கூடாதா?' என்று அம்மா கேட்டால் வருகிற பதில் நம் எல்லோருக்கும் தெரியும். 'அதான் டிரைவர் என்னைப் பார்த்துட்டாரேம்மா!'

இந்த ஒரு பதிலைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச நினைத்தேன். டிரைவர் பார்த்துவிட்டார். சரி, பார்த்துவிட்டால் வண்டி நின்றுவிடுமா?

40 கிலோமீட்டர் வேகத்தை நாம் மெதுவான வேகம் என்றே நினைக்கிறோம். அந்த வேகத்தில் ஒரு வண்டி ஒவ்வொரு வினாடியும் 11 மீட்டர் நகர்கிறது. குறுக்கே ஒருவர் வருவதைக் கண் பார்த்து, அது ஆபத்து என்று மூளை புரிந்துகொண்டு, கால் பிரேக்குக்குப் போய்ச் சேர, சுறுசுறுப்பான ஆளுக்கே ஒரு வினாடி ஆகும். அந்த ஒரு வினாடியில் வண்டி துளியும் வேகம் குறையாமல் 11 மீட்டர் போய்விடுகிறது. அதன்பிறகுதான் பிரேக் வேலை செய்யத் தொடங்குகிறது. ரோடு காய்ந்து, டயர் நன்றாக இருந்தால் காருக்கோ பைக்குக்கோ இன்னும் 9 மீட்டர் வேண்டும். மொத்தம் 20 மீட்டர்.

வேகம் 80 ஆனால்? இரண்டு மடங்குதானே, 40 மீட்டரில் நின்றுவிடும் என்று மனசு சொல்லும். மனசு போடுகிற கணக்கு தப்பு. கால் பிரேக்குக்குப் போவதற்குள் 22 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்தபிறகு 35 மீட்டர். சேர்த்தால் 57. வேகம் இரண்டு மடங்கானால் வண்டியின் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகிறது என்று இயற்பியலில் ஒரு வரி இருக்கிறதே, அந்த வரிதான் ரோட்டில் இப்படி நீண்டு கிடக்கிறது.

இதெல்லாம் காருக்கும் பைக்குக்கும். கன்டெய்னர் டிரெய்லருக்குக் கதை வேறு. அதில் இருப்பது ஏர் பிரேக். டிரைவர் பெடலை மிதித்ததும் காற்று குழாய் வழியாக ஓடி, கடைசிச் சக்கரம் வரைக்கும் போய்ச் சேர வேண்டும். அதற்கே அரை வினாடி வரை ஆகலாம். 40 கிலோமீட்டர் வேகத்தில் அரை வினாடி என்றால் இன்னொரு ஐந்தரை மீட்டர்.

நன்றாகப் படிக்கிற பிள்ளை ஒன்று இங்கே குறுக்கிட்டுக் கேட்கும்: 'எடை கூடினால் ரோட்டை அழுத்துகிற விசையும் கூடும், உராய்வும் கூடும். அப்படியானால் லாரியும் கார் நிற்கிற தூரத்திலேயே நிற்க வேண்டுமே?' கேட்டால் முதுகில் தட்டிக்கொடுங்கள். நல்ல கேள்வி. காகிதத்தில் அது சரியும்கூட. ஆனால் ஓடுகிற வண்டியின் ஆற்றல் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? பிரேக் பிடிக்கும்போது அது வெப்பமாக மாறுகிறது. சரக்கேற்றிய 40 அடி கன்டெய்னர் 30 டன் வரை இருக்கும். இழுக்கிற வண்டியையும் டிரெய்லரையும் சேர்த்தால் 40 டன்னைத் தாண்டும். அது 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக் டிரம்களில் பிறக்கிற வெப்பம், ஒரு பெரிய குடம் நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். அதுவும் சில வினாடிக்குள். வரிசையாக நாலைந்து இடத்தில் இப்படிப் பிடித்தால் டிரம் சூடேறுகிறது, பிடிப்பு தளர்கிறது. ஓட்டுகிறவரோடு சேர்த்து ஒரு புல்லட் அதே வேகத்தில் வைத்திருக்கும் ஆற்றலைப்போல அந்த டிரெய்லரின் ஆற்றல் சுமார் 150 மடங்கு.

இந்தப் பாடத்தைச் சொல்லித்தர வடசென்னையைவிடப் பொருத்தமான இடம் இருக்கிறதா என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் புறப்பட்டது ராயபுரத்திலிருந்துதான். 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்கிற சின்னக் கொட்டகையாகத் தொடங்கியதுதான் பின்னாளில் டயர் செய்கிற எம்.ஆர்.எஃப். ஆனது. எண்ணூரில் 1948-ல் அசோக் மோட்டார்ஸாகப் பிறந்தது, 1955 முதல் அசோக் லேலண்டாக லாரியும் பஸ்ஸும் செய்து ஊரெல்லாம் அனுப்புகிறது. அதே 1955-ல்தான் ராயல் என்ஃபீல்டும் சென்னைக்கு வந்தது. திருவொற்றியூர் புல்லட்டின் ஊரானது. டயர், லாரி, பைக் மூன்றையும் இந்த ஒரே பட்டையில் உழைக்கிற கைகள் செய்திருக்கின்றன. அந்தக் கைகளுக்குச் சொந்தமான குடும்பங்கள்தான் இந்த ரோட்டை தினமும் கடக்கின்றன.

அதற்கும் ரொம்ப முன்னாலிருந்தே இந்த ஊருக்கு இயக்க விதி தெரியும். மெட்ரோ ஸ்டேஷனுக்கே 'தேரடி' என்று பெயர் வைத்திருக்கிறோமே, அந்தத் தேரை நினைத்துப் பாருங்கள். மாசி பிரம்மோற்சவத்தில் தியாகராஜ சுவாமி கோயில் தேர் கிளம்புகிற அந்த முதல் நிமிடம் எப்படி இருக்கும்? வடம் முறுக்கேறி விறைத்து நிற்கும். எத்தனையோ பேர் சேர்ந்து இழுத்தாலும் முதலில் அசையாது. அசைந்துவிட்டால் பிறகு அவ்வளவு பலம் வேண்டாம், தானே உருண்டு வரும். ஓய்வில் நிலைமம், இயக்கத்தில் நிலைமம் என்று புத்தகம் இரண்டாகப் பிரித்துச் சொல்வதைத் தேர் அடுத்தடுத்த நிமிடத்தில் காட்டிவிடுகிறது.

தேரை இழுப்பதைவிட நிறுத்துவதுதான் வித்தை. வடம் பிடிக்கிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தாலும் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் சிலர்தான். அனுபவம் உள்ளவர்களைத் தவிர யாரையும் சக்கரத்துக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள். ஏன்? கட்டையைப் போட்டதும் தேர் நிற்காது என்று அவர்களுக்குத் தெரியும். இன்னும் எத்தனை அடி உருளும், எந்தச் சக்கரத்துக்கு எந்தச் சாய்வில் கொடுத்தால் தேர் எந்தப் பக்கம் திரும்பும் என்பதெல்லாம் அவர்கள் கைக்குத் தெரியும். தேர் மூலைக்கு வருவதற்கு முன்பே அவர்கள் கட்டையோடு தயாராக நிற்கிறார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்திருக்கிறது. ஆனாலும் அங்கே முட்டுக்கட்டைக்காரர்கள் ஓய்வு பெறவில்லை.

தேர் வரும்போது நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திண்ணைக்கு ஏறிவிடுகிறோம். 'முட்டுக்கட்டை போடுறவர் என்னைப் பார்த்துட்டார்' என்று சக்கரத்துக்கு முன்னால் யாரும் குறுக்கே ஓடுவதில்லை. அந்த மரியாதையை நாற்பது டன் டிரெய்லருக்கும் நாம் கொடுத்தால் என்ன?

கடலிலும் இதே விதிதான், இன்னும் கடுமையாக. கப்பலுக்கு பிரேக்கே கிடையாது. பின்னோக்கித் தள்ளும்படி ப்ரொப்பல்லரைச் சுற்றவிட்டுத்தான் வேகத்தைக் கொல்ல வேண்டும். தண்ணீர் ரோட்டைப்போலப் பிடித்து நிறுத்தாது. சரக்கேற்றிய பெரிய கப்பல் முழு வேகத்திலிருந்து நிற்கப் பல கிலோமீட்டர் வேண்டும். அதனால்தான் துறைமுக வாசலில் பைலட் ஏறுகிறார், டக் படகுகள் கூடவே வருகின்றன. 2017 ஜனவரி 28 அதிகாலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே நடந்தது நமக்கு மறக்காது. எரிவாயுவை இறக்கிவிட்டு வெளியே வந்துகொண்டிருந்த பி.டபிள்யூ. மேப்பிளும், எண்ணெய்ப் பொருள் ஏற்றி உள்ளே வந்துகொண்டிருந்த டான் காஞ்சிபுரமும் மோதிக்கொண்டன. எர்ணாவூர் கரையில் ஒதுங்கிய கறுப்பு எண்ணெயை ஆட்கள் பக்கெட்டால் வாரி எடுத்ததைப் பார்த்தோம். காசிமேட்டில் மீன் வாங்க ஆள் வரவில்லை. இரண்டு கப்பல்கள் சில நிமிடங்கள் தப்பாக நகர்ந்ததற்கு எத்தனை வீட்டு அடுப்புகள் விலை கொடுத்தன!

ரோட்டுக்குத் திரும்புவோம். நான் அதிகம் பயப்படுவது நேர் ரோட்டில் அல்ல, திருப்பத்தில்தான்.

டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது கவனித்திருக்கிறீர்களா? டிரைவர் முதலில் வண்டியை வலது பக்கம் அகட்டுவார். இடது பக்கம் ஒரு பெரிய இடைவெளி திறக்கும். பின்னால் வருகிற ஸ்கூட்டிக்கு அது வழி விட்டதுபோலத் தோன்றும். உள்ளே நுழைந்துவிடுவார்கள். ஆனால் நீளமான வண்டியில் பின் சக்கரங்கள் முன் சக்கரங்கள் போன தடத்திலேயே வருவதில்லை. உள்பக்கமாக வெட்டி வருகின்றன. வண்டி எவ்வளவு நீளமோ அவ்வளவு அதிகமாக வெட்டும். திறந்த இடைவெளி சில வினாடியில் ஒன்றுமில்லாமல் மூடிவிடும். அந்த நேரத்தில் டிரைவரின் இருக்கையிலிருந்து பார்த்தால் இடது பக்கம் கேபினை ஒட்டி நிற்கிற ஸ்கூட்டி கண்ணாடியிலும் தெரியாமல் போகலாம். 'பார்த்துட்டார்' என்கிற நம்பிக்கைக்கே அங்கே இடமில்லை.

ஆகவே ஒரே ஒரு பழக்கத்தை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். திருப்பத்தில் டிரெய்லருக்கு இடது பக்கம் போகாதீர்கள். பின்னாலேயே நில்லுங்கள். அரை நிமிடம்தான் தாமதமாகும்.

டேங்கர்களுக்கும் தண்ணி லாரிகளுக்கும் இன்னொரு குணம் உண்டு. உள்ளே இருக்கிற திரவத்துக்கும் நிலைமம் இருக்கிறதல்லவா? வண்டி பிரேக் பிடித்தாலும் தண்ணீர் முன்னால் பாய்ந்து தொட்டியின் சுவரை இடிக்கும். திரும்பினால் ஒரு பக்கமாக ஒதுங்கும். அதைத் தடுக்க உள்ளே தடுப்புகள் வைப்பார்கள். முழுக்க நிரம்பிய டேங்கரைவிடப் பாதி நிரம்பியதுதான் அதிகம் ஆடும். தண்டையார்பேட்டையிலிருந்து கிளம்புகிற எண்ணெய் டேங்கர்களை ஓட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பக்கத்தில் போகிற நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ரயிலைப் பற்றியும் இரண்டு வரி. இரும்புச் சக்கரமும் இரும்புத் தண்டவாளமும் ஒன்றையொன்று குறைவாகத்தான் பிடிக்கின்றன. சட்டென்று நிற்க முடியாமல் போவது அதனால்தான். வேகமாக வருகிற ரயில் நிற்கப் பல நூறு மீட்டர் வேண்டும். கொருக்குப்பேட்டை கேட்டில் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போகிற உங்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் குனிந்து நுழையாதீர்கள். அங்கே டிரைவர் உங்களைப் பார்ப்பதால் ஒன்றும் மாறப்போவதில்லை.

இனி நம் வண்டிக்கு வருவோம். பைக்கின் ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுகிற இடம் உள்ளங்கை அளவுகூட இருக்காது. நம் உயிர் முழுக்க அந்த இரண்டு சின்ன இடங்களில்தான் நிற்கிறது. கடற்கரையை ஒட்டிய ரோட்டில் மணல் வந்து படிகிறது. லாரிகளிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது. முதல் மழை பெய்ததும் இவையெல்லாம் சேர்ந்து வழுக்குகின்றன. அந்த நேரத்தில் மொட்டை டயரோடு போவது எவ்வளவு ஆபத்து! ஈர ரோட்டில் பிரேக் தூரம் இரண்டு மடங்குவரை ஆகலாம். வீட்டு பட்ஜெட்டில் டயரை அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடுவது நம் வீடுகளில் நடக்கிறதுதான். முடிந்தால் வேறு எதையாவது தள்ளிப்போடுங்கள்.

முன் பிரேக்கைத் தொட்டாலே விழுந்துவிடுவோம் என்று பலர் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது, முன் டயர்தான் ரோட்டை அழுத்திப் பிடிக்கிறது. அதனால் நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையிலான வண்டிகளுக்கு இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற ஏற்பாடும், அதற்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ்.ஸும் கட்டாயமாக்கப்பட்டன. பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கையால் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்து, இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததற்கே முக்கியக் காரணம். அப்பா ஓட்ட, அம்மா பின்னால் உட்கார, பெரிய பிள்ளை நடுவில், சின்னது முன்னால் பெட்ரோல் டேங்க்மேல். இந்தக் காட்சி நமக்கு எவ்வளவு பழக்கம்! 'கெட்டியாப் பிடிச்சிருக்கேன்' என்று அம்மா சொல்வார். பிடித்திருப்பது உண்மை. ஆனால் 15 கிலோ குழந்தை 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. வண்டி எதிலோ மோதிக் கண்ணிமைக்கிற நேரத்தில், அதாவது வினாடியில் பத்தில் ஒரு பங்கில், நின்றுவிட்டது என்று வையுங்கள். குழந்தையைப் பிடித்து நிறுத்த 170 கிலோ எடையைத் தாங்குகிற பலம் வேண்டும். எந்த அம்மாவின் கைக்கு அந்தப் பலம் இருக்கிறது? பாசம் குறைவு என்று நான் சொல்லவில்லை. அந்தக் கணக்குக்குப் பாசம் தெரியாது.

ஹெல்மெட்டுக்கு வருகிறேன். 'பக்கத்துத் தெருதானே, மெதுவாத்தானே போறேன்' என்பதுதான் எல்லா வீட்டிலும் சொல்கிற காரணம். வண்டி ஓடவே வேண்டாம். நிற்கிற வண்டியிலிருந்து பின்னால் சாய்ந்து விழுந்தாலே, சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து தலை தரைக்கு வரும்போது அதன் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தொடுகிறது. தார் ரோடு அந்தத் தலையைச் சில மில்லிமீட்டருக்குள் நிறுத்திவிடும். ஹெல்மெட்டுக்குள் இருக்கிற தெர்மகோல் நசுங்கி நசுங்கி, அதையே இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு நீட்டிக்கொடுக்கிறது. நிற்கிற தூரம் கூடினால் தாக்குகிற விசை குறையும். அவ்வளவுதான் ஹெல்மெட். விலை கூடிய பளபளப்பு வேண்டாம், ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். வாரை மாட்டுங்கள். மாட்டாத ஹெல்மெட்டுக்கும் நிலைமம் உண்டு, விழுகிற நேரத்தில் அது தன் வழியில் பறந்துவிடும். ஒருமுறை அடி வாங்கிய ஹெல்மெட்டின் தெர்மகோல் நசுங்கியிருக்கும். வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும் அதை மாற்றிவிடுங்கள். நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் வேண்டும் என்பது 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறது. சட்டத்துக்காகக்கூட வேண்டாம், ஸ்டான்லி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு வாசலில் உட்கார்ந்து அழுகிற தாய்மார்களுக்காக.

முன்னால் போகிற வண்டிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும்? மீட்டர் கணக்கெல்லாம் ஓட்டும்போது வராது. முன் வண்டி ஒரு விளக்குக் கம்பத்தைத் தாண்டியதும் 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று மனசுக்குள் சொல்லுங்கள். சொல்லி முடிப்பதற்குள் அதே கம்பத்தை நீங்கள் அடைந்துவிட்டால், நெருங்கிப் போகிறீர்கள் என்று அர்த்தம். மழையில் ஆயிரத்து நான்கு வரை சொல்லுங்கள்.

டிரைவர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லாரிக்காரர்கள் எல்லோரும் அரக்கர்கள் என்பதுபோல நம் தெருக்களில் ஒரு பேச்சு இருக்கிறது. துறைமுக வாசலில் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் வரிசையில் நின்று, வண்டிக்குள்ளேயே சமைத்து, வண்டிக்குள்ளேயே கண்ணயர்ந்து எழுந்து ஓட்டுகிறவர்கள் அவர்கள். தூக்கம் கெட்ட மனிதனுக்கு அந்த முதல் ஒரு வினாடி ஒன்றரை வினாடியாகவோ அதற்கு மேலாகவோ நீள்கிறது. அவரைத் திட்டினால் அந்த நேரம் குறையப்போவதில்லை. அவர் தூங்க ஓர் இடம், வண்டி நிறுத்த ஒழுங்கான யார்டு, நமக்கென்று ஒரு தனிப் பாதை, பள்ளி விடுகிற நேரத்தில் கனரக வண்டிகளைத் தள்ளி நிறுத்துகிற ஏற்பாடு இதெல்லாம்தான் குறைக்கும். வீட்டுக்குள் நாம் மாற்றிக்கொள்ள வேண்டியதைச் சொன்னேன். இவை அரசும் துறைமுகமும் செய்ய வேண்டியவை. இரண்டில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறந்துவிடக் கூடாது.

அதற்காக உங்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை, பிள்ளைகளும் பெரியவர்களும் தினமும் கடக்கிற, டிரெய்லர்கள் திரும்புகிற முனை எது எது என்று எழுதி அனுப்புங்கள். எந்த நேரத்தில் நெரிசல், விளக்கு எரிகிறதா, கோடு போட்டிருக்கிறார்களா, எந்தப் பள்ளிக்குப் பக்கம் என்று சேர்த்து எழுதுங்கள். ஒரு போஸ்ட் கார்டு போதும். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அதையே ரோட்டோரம் பத்திரமாக நிற்கவைத்து, ஒரு வண்டி இரண்டு கம்பங்களுக்கு நடுவே எத்தனை வினாடியில் போகிறது என்று போனில் பார்த்து வேகத்தைக் கணக்கிடச் சொல்லுங்கள். அந்தக் கணக்கையும் அனுப்புங்கள். வந்ததையெல்லாம் தொகுத்து, மாநகராட்சிக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும் நம் பத்திரிகையின் பெயரில் மனுவாகக் கொடுக்கிறோம். என்ன பதில் வருகிறதோ அதை இதே பக்கத்தில் உங்களுக்குச் சொல்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்